அக்காவின் மகனும் முப்பது வயதுக் காரும்

கடந்த கோடையில் மூன்று வாரங்கள் இலண்டனில் தங்கியிருந்தேன். போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே அக்கா என்னைச் சமையலறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, நீ சொன்னால் அவன் கேப்பான். ஆரோ வித்த பழைய கார் ஒண்டை வாங்கி வைச்சுக்கொண்டு றேஸ் ஓடப் போறானாம். இதுக்கோ நாங்கள் இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிப்பிச்சனாங்கள்?"

மருமகனுக்கு இருபத்தேழு வயது. கணக்காளராக வேலை செய்கிறான். குடிப்பதில்லை, புகைப்பதில்லை. பெற்றோர் கவலைப்பட வேறு காரணம் எதையும் அவன் இதுவரை கொடுத்ததில்லை. ஆகவே இருந்த கவலை முழுவதும் அந்தக் காரின் மீது இறங்கியிருந்தது.

அக்கா ஒப்படைத்த தூதுப் பணியை நான் தயங்காமல் ஏற்றுக்கொண்டேன். வேகத்தின் மீது எனக்கொரு பழைய கசப்பு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர், எமது குடும்பத்துக்கு நெருக்கமான ஒருவரின் மகன், புலம்பெயர் நாடொன்றில் நள்ளிரவு கடந்த வேளையில் கார் விபத்தில் இறந்தான். இருபத்திரண்டு வயது. பத்திரிகைக்காரன் என்பதால் கண்ணீர் அஞ்சலிக் குறிப்பை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். 'வாகன விபத்தில் அகால மரணமடைந்தார்' என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதங்களுக்கு முன்னர் தவணை முறையில் எடுத்த, முந்நூறு குதிரைவலுவைத் தாண்டிய புத்தம் புதிய கார் அது என்பதை எழுதவில்லை. மணிக்கு 30 மைல் கட்டுப்பாடு உள்ள வீதியில் அது என்ன வேகத்தில் வந்தது என்பதையும் எழுதவில்லை. அஞ்சலிக் குறிப்பு அதற்கான இடமும் அல்ல. ஆனால், அந்தியேட்டி முடிந்த பிறகும் அதைப்பற்றி எவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. செய்தியின் முக்கியமான தகவலை விட்டுவிடுவது எங்கள் தொழிலில் மன்னிக்க முடியாத குறை. அன்று அதைத் தெரிந்தே செய்தேன்.

இந்த நினைவோடுதான் மருமகனிடம் பேசப் போனேன். அவன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டான். "மாமா, இது றேஸ் இல்லை. சனிக்கிழமை நீங்களும் வாங்கோ. பாத்திட்டுச் சொல்லுங்கோ" என்றான். பார்க்காத ஒன்றைப் பற்றித் தலையங்கம் எழுதும் வழக்கம் எங்களிடம் உண்டென்றாலும், மறுக்க முடியாத அழைப்பு அது.

மேற்கு நாடுகளில், குறிப்பாகப் பிரித்தானியாவில், 'ட்ராக் டே' என்றொரு வழக்கம் உள்ளது. பந்தயங்கள் இல்லாத நாட்களில் பந்தயத் திடலைச் சாதாரண சாரதிகளுக்குக் கட்டணத்துக்குத் திறந்து விடுகிறார்கள். செல்லுபடியான சாரதி அனுமதிப்பத்திரம், ஹெல்மெற், கைகால்களை மூடிய உடை, பழுதில்லாத கார் ஆகியன இருந்தால் போதும். கட்டணம், இடத்தையும் கிழமையையும் பொறுத்து, 150 பவுணில் தொடங்கி 300 பவுணுக்கு மேலும் செல்லும். அங்கே போட்டி இல்லை, பரிசு இல்லை. ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி எடுத்தது என்று கணக்கெடுப்பதற்கே தடை. நேரம் எடுக்கத் தொடங்கினால் அது பந்தயமாகிவிடும், காப்புறுதி முதலான எல்லாம் மாறிவிடும் என்பது காரணம்.

நாங்கள் போனது பிராண்ட்ஸ் ஹட்ச் திடலுக்கு. இலண்டனுக்குத் தென்கிழக்கே கென்ற் பகுதியில், ஏ20 வீதியோரம் இருக்கிறது. 1964 முதல் 1986 வரை பிரித்தானிய கிராண்ட் பிறீ ஓட்டம் ஒன்றுவிட்ட ஆண்டுகளில் பன்னிரண்டு தடவைகள் நடைபெற்ற இடம். இன்று எங்களைப் போன்றவர்கள் ஓடுவது பெரும்பாலும் 'இண்டி' எனப்படும் குறுகிய சுற்றில்தான். ஒரு சுற்று 1.2 மைல்.

அங்கே போனதும் முதலில் என் கண்ணில் பட்டது கார்களின் வயது. பளபளக்கும் புதிய ஜேர்மன் கார்கள் சில நின்றன என்பது உண்மை. ஆனால் பெரும் பகுதி இருபது, முப்பது வயதுக் கார்கள். எமது பையனுடையதும் அப்படித்தான்: 1992ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5. அறுபதுகளில் பிரித்தானியர் செய்த இரண்டு இருக்கைத் திறந்த கார்களை, முக்கியமாக லோட்டஸ் எலானை, மனதில் வைத்து யப்பானிய நிறுவனம் 1989இல் அறிமுகப்படுத்திய கார் இது. பிரித்தானியர் செய்தவற்றிலிருந்து எண்ணெய் ஒழுகியது, இதிலிருந்து ஒழுகவில்லை என்பது முக்கிய வேறுபாடு. 2016ஆம் ஆண்டளவில் பத்து இலட்சம் கார்கள் செய்து முடித்திருந்தார்கள். பையனுடையதில் 1.6 லீற்றர் என்ஜின், ஏறத்தாழ 115 குதிரைவலு, எடை ஆயிரம் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஏபிஎஸ் இல்லை, காற்றுப்பை இல்லை, சறுக்கினால் காப்பாற்றும் இலத்திரனியல் உதவி எதுவும் இல்லை.

"அப்படியானால் புதிய கார்தானே பாதுகாப்பு?" என்று அக்கா கேட்பதுபோல் நானும் கேட்டேன். வீதியில் அந்தக் கேள்வி முற்றிலும் சரி. திடலில் கற்றுக்கொள்ள வருபவனுக்கு அது பாதிதான் சரி. புதிய சக்திமிக்க கார் சாரதியின் தவறுகளைத் தானே திருத்தி மறைத்துவிடுகிறது. திருத்த முடியாத கட்டம் வரும்போது வேகம் மிக அதிகமாகியிருக்கும். வலுக் குறைந்த பழைய கார் ஒவ்வொரு தவறையும் சிறிய வேகத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். ரயர் முனகும், ஸ்டியரிங் இலேசாகும், பின்பக்கம் அசையும். அந்த எச்சரிக்கைகளைக் கேட்கப் பழகுவதே முதல் பாடம்.

இதை அவன் சொன்னபோது எனக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில், தடை காரணமாகப் பெற்றோல் பொன்னாகிவிட்டது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களைச் சில துளி பெற்றோலில் கிளப்பி, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். புகையும் நாற்றமும் சொல்லி முடியாது. ஆனால் அந்தச் சாரதிகளைப் போல் காருக்குக் காது கொடுத்தவர்களை நான் பிறகு கண்டதில்லை. என்ஜின் இருமும் ஓசையிலேயே கியரை மாற்றுவார்கள். ஏற்றத்துக்கு முன்னரே அதற்கு ஆயத்தமாவார்கள். வேறு வழியில்லாமல் வந்த திறமை அது. பிராண்ட்ஸ் ஹட்சில் சம்பளம் வாங்கும் இளைஞர்கள் அதையே பணம் கட்டிக் கற்கிறார்கள் என்று நினைக்கச் சிரிப்பு வந்தது.

பழைய கார் என்றால் கண்டதையும் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று பொருளல்ல. இந்தக் கார்களின் முதல் எதிரி துரு. மடிப்புக் கூரையின் நீர் வடியும் துளைகள் அடைபட்டால் கதவுக்குக் கீழுள்ள அடிச்சட்டத்துக்குள் தண்ணீர் தேங்கி, பின் சில்லுக்கு முன்னால் உள்ளிருந்தே அரித்துவிடும். மேலே பூச்சு அழகாக இருக்கும். மருமகன் மூன்று கார்களைப் பார்த்துத் தள்ளிவிட்டு நான்காவதை வாங்கியதாகச் சொன்னான். காருக்குக் கொடுத்த பணத்தை விட அதைத் திடலுக்கு ஆயத்தமாக்கச் செலவழித்தது அதிகம். ஆனால் அந்தச் செலவில் ஒரு பவுண் கூட வலுவைக் கூட்டுவதற்குப் போகவில்லை. எனது மனத்தை முதலில் அசைத்தது இதுதான்.

முதற்செலவு றோல் பார். திறந்த கார் கவிழ்ந்தால் கண்ணாடிச் சட்டம் ஆளைக் காப்பாற்றாது. இருக்கைகளுக்குப் பின்னால் காரின் உடலோடு பொருத்திய உருக்குக் குழாய்தான் காப்பாற்றும். பொருத்தினால் மட்டும் போதாது. முன்கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து அந்தக் குழாயின் உச்சிக்கு ஒரு நேரான தடியை வைத்துப் பார்த்தால், சாரதியின் ஹெல்மெற் அதில் முட்டக் கூடாது. எனக்கும் வைத்துப் பார்த்தான். முட்டவில்லை. உயரம் குறைந்த குடும்பத்தில் பிறந்ததன் பயனை ஐம்பது வயதுக்குப் பிறகு அறிந்துகொண்டேன்.

இரண்டாவது பிறேக். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தொடக்கக்காரர்களின் கார்கள் திடலில் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். இருவர் ஏறிய பின் 1,100 கிலோ வரும் காரை மணிக்கு 140 கிலோமீற்றரிலிருந்து 60க்குக் குறைக்கும்போது வெளிப்படும் வெப்பம், இரண்டு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதைச் சில விநாடிகளுக்குள் நான்கு இரும்புத் தட்டுகள் வாங்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்து அடுத்த சுற்றில் மீண்டும் வாங்க வேண்டும். வீதியில் ஒருபோதும் இப்படி நடப்பதில்லை. வெப்பம் பிறேக் ஒயிலுக்கு ஏறுகிறது. பிறேக் ஒயிலோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டொட் 4 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியசுக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய பின்னரோ அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். காலால் மிதித்தால் பெடல் அடிவரை போகும், கார் நிற்காது. இதற்கு மருந்து விலை குறைந்தது: புதிய பிறேக் ஒயில், வெப்பம் தாங்கும் பிறேக் பாட், அத்துடன் ஓட்டத்தை முடிக்கும்போது பிறேக்கைத் தொடாமல் மெதுவாக ஒரு சுற்று. நிறுத்திய பிறகு கைப்பிறேக்கை இழுக்காமல் கியரில் விடுவார்கள். கொதிக்கும் பாட் தட்டோடு ஒட்டிக்கொள்ளாதிருப்பதற்காக.

மூன்றாவது செலவு ரயர். நான்காவது பயிற்றுநர். திடலிலேயே அரை மணி நேரத்துக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறுவார்கள். புதிதாகப் போகும் எவரும் மற்றெதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கக் கூடாது என்பது என் துணிபு. அந்த மனிதர் மருமகனை வேகமாக ஓட்டச் சொல்லவே இல்லை. தூரத்தைப் பார்க்கும்படியும், நேராக இருக்கும்போது பிறேக் பிடித்து முடித்துவிட்டுத் திருப்பும்படியும், கையை அவசரப்படுத்தாமல் வைக்கும்படியும்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

காலையில் அனைவரையும் ஒரு மண்டபத்தில் அமர்த்தி விளக்கக் கூட்டம் நடத்தினார்கள். மஞ்சள் கொடி அபாயம், முந்தக் கூடாது. சிவப்பு என்றால் வேகத்தைக் குறைத்து உள்ளே வர வேண்டும். நீலம், பின்னால் வேகமான கார் வருகிறது என்பதற்கு. கறுப்பு, உங்களோடு பேச வேண்டும் என்பதற்கு. முந்துவது நேர்ப்பாதைகளில் மட்டும். அதுவும் முன்னால் போகிறவர் சமிக்ஞை காட்டி வழிவிட்ட பின்னர். எனக்குப் பிடித்த விதி இதுதான். நாள் முழுவதும் அந்தச் சிறிய கார் பெரிய கார்களுக்கு வழிவிட்டுக்கொண்டே இருந்தது. தான் முந்தப்படுவதை அவமானமாகக் கொள்ளாத இளைஞர் கூட்டம் ஒன்றை வாகனத்தோடு தொடர்புபட்ட இடத்தில் நான் கண்டது அதுவே முதல் தடவை.

முற்பகல் பதினொரு மணியளவில் மருமகன் சுழன்றான். படொக் ஹில் வளைவு என்று ஒன்றுண்டு. வலப்பக்கம் திரும்பிக்கொண்டே கிணற்றுக்குள் இறங்குவதுபோல் சரியும். நடுவில் பயந்து காலை அக்சிலறேற்றரிலிருந்து சட்டென்று எடுத்துவிட்டான். எடை முன்னுக்குப் பாய, இலேசான பின் சில்லுகள் பிடியை விட்டன. கார் ஒன்றரைச் சுற்றுச் சுழன்று சரளைக்கல் பரப்பின் விளிம்பில் நின்றது. எதிலும் முட்டவில்லை. தடுப்பின் மறுபுறம் நின்ற எனக்கு, அஞ்சலிக் குறிப்பு எழுதிய அந்த இரவு ஒரு கணம் திரும்பி வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கறுப்புக் கொடி காட்டி உள்ளே அழைத்தார்கள். அதிகாரி ஒருவர் வந்து குனிந்து, என்ன நடந்தது என்று மட்டும் கேட்டார். கத்தவில்லை, கேலி செய்யவில்லை. "வளைவின் நடுவில் காலை எடுத்தேன்" என்றான். அவர் தலையசைத்தார். ரயர்களைப் பார்த்தார். பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போகும்படி சொன்னார். அவ்வளவுதான். மீண்டும் அதே தவறு நடந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பிறகு அறிந்தேன்.

நான் எதிர்பார்த்து வந்த காட்சி இதுவல்ல. ஒரு இளைஞன் தன் தவறைத் தன் வாயால், காரணத்தோடு, வெட்கமின்றிச் சொல்கிறான். கேட்பவர் அதைக் குறித்துக்கொள்கிறார். எங்கள் வீடுகளில் இந்த உரையாடலுக்கு இடமிருந்ததா? வேகத்தில் நாட்டம் கொண்ட பிள்ளைக்கு நாங்கள் சொல்வது இரண்டே வசனங்கள்: "கவனமாய் ஓடு", "ஆக்கள் என்ன சொல்லுவினம்". அதே வேளையில் கல்யாண வீட்டு வாசலில் நிறுத்துவதற்கென்று முந்நூறு குதிரைவலுக் காரைத் தவணைக்கு எடுத்துக் கொடுக்கிறோம். அதைக் கெளரவம் என்கிறோம். 115 குதிரைவலுக் கிழட்டுக் காரோடு ஆம்புலன்சும் அதிகாரிகளும் நிற்கும் திடலுக்குப் போவதைப் பைத்தியம் என்கிறோம். அச்சம் இடம் மாறி நிற்கிறது. வீதியில் அபாயகரமாக ஓட்டி மரணம் விளைவிப்பவருக்கு இங்கிலாந்தில் 2022 முதல் ஆயுட்தண்டனை வரை விதிக்கலாம். அந்தத் தவறுக்கும் படொக் ஹில்லில் நான் கண்டதற்கும் இடையே சாரதியின் குணத்தில் பெரிய வேறுபாடு இருந்திருக்க வேண்டியதில்லை. சரளைக்கல் இருந்த இடத்தில் அங்கே விளக்குக் கம்பமோ, வீடு திரும்பும் ஒரு தாதியோ இருந்திருப்பார்.

மறுதரப்பு நியாயங்கள் உள்ளன, அவற்றை மறைக்க மாட்டேன். திடலில் கற்றவன் வீதியிலும் அதைக் காட்ட விரும்பலாம். சிலர் காட்டுகிறார்கள். பெற்றோல் வீணாகிறது, வீதியில் ஓடும் தூரத்தில் பாதி கூட ஒரு தாங்கிக்குக் கிடைப்பதில்லை. ஓசையினால் அயலவர்கள் படும் தொல்லை உண்மையானது. ஓசையை அளந்து, மீறும் கார்களை நிறுத்துகிறார்கள் என்றாலும் தொல்லை தொல்லையே. வழமையான காப்புறுதி அங்கே செல்லாது. தனியாக ஒரு நாள் காப்புறுதி எடுக்கலாம், அல்லது கார் போனால் போகட்டும் என்று துணிய வேண்டும். விலை குறைந்த பழைய கார் பொருத்தம் என்பதற்கு இது இன்னொரு காரணம். இழந்தால் அழாமல் நடந்து வரக்கூடிய காரைத்தான் திடலுக்குக் கொண்டுபோக வேண்டும். கடன் கட்டிக்கொண்டிருக்கும் காரை அல்ல.

இலங்கையில் மோட்டார் ஓட்டம் என்றதும் எமக்கு நினைவு வருவது வேறொன்று. 2024 ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஓட்டத்தின்போது பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளருக்குள் புகுந்து ஏழு பேர் இறந்தனர். ஒருவர் சிறு பிள்ளை. அக்கா அந்தக் காணொளியைப் பார்த்திருந்தார். அவருடைய பயத்தின் ஒரு பகுதி அதிலிருந்து வந்தது. ஆனால் அது பந்தயம். கூட்டம் திரண்டு பார்க்கும் காட்சி. பிராண்ட்ஸ் ஹட்சில் அன்று பார்வையாளர் என்று சொல்லக்கூடியவர்கள் சில மனைவிமார், ஒரு நாய், நான்.

பிற்பகலில் எனக்கொரு ஹெல்மெற் வாடகைக்கு எடுத்துத் தந்து, கையொப்பம் வாங்கி, பக்கத்து இருக்கையில் ஏற்றினான். ஆறு சுற்றுகள். முதல் இரண்டில் நான் கண்களைத் திறந்திருந்தேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்றாவதில் அவன் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை, வெறி இல்லை. பரீட்சை மண்டபத்தில் இருப்பவனின் முகம். படொக் ஹில்லில் காலை எடுக்காமல் மெதுவாகவே உள்ளே போய், மெதுவாகவே வெளியே வந்தான்.

அன்று மாலை எம்25இல் வீடு திரும்பினோம். மருமகன் இடப்பக்க ஒழுங்கையில் 60 மைலில் ஒரு பாரவூர்திக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தான். எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். என் மனம் நெகிழ்ந்து, திடல் கற்பித்த நிதானம் இதுதானே என்று கேட்டேன்.

"இல்லை மாமா, பெற்றோல் காணாது" என்றான்.

அக்கா வாசலில் நின்றார். என்ன சொன்னாய் என்று கண்ணாலேயே என்னிடம் கேட்டார். அடுத்த நாள் ஒக்டோபரில் வருகிறது, அதற்கு முன் பிறேக் ஒயிலை மாற்றச் சொல்லியிருக்கிறேன் என்றேன். அவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.